புரோக்கரா, சொந்தக்காரரா, காணிக் கம்பெனியா? மலையகத்தில் முதல் வீட்டுக்கு விலை பேசும்போது

ஹட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "வீடு ஒன்று பார்க்கிறோம்" என்று வாய்விட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் யாராவது ஒரு புரோக்கர் கோல் பண்ணிவிடுவார். பண்டாரவளை, தலவாக்கலை, கம்பளை, எங்கே போனாலும் இதே கதைதான். லயத்தை விட்டுச் சொந்தமாக ஒரு வீடு என்று கிளம்பும் ஆசிரியருக்கும், டவுனில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும், கொழும்பில் வேலை பார்த்துக் காசு அனுப்பும் பிள்ளைக்கும் வழி மூன்று: புரோக்கர் மூலம் போவது, விளம்பரம் பார்த்து நேரே சொந்தக்காரரிடம் போவது, காணியைத் துண்டு போட்டு விற்கும் கம்பெனியிடம் போவது. வங்கி ஏலம் என்று நாலாவதும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைக் கண்டுபிடிக்கப் புரோக்கரைப் பிடியுங்கள். விலையை நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 10 பேர்ச் காணி, மூன்று அறை உள்ள பழைய வீடு, கேட்கும் விலை 60 லட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

புரோக்கர் யாருடைய ஆள்?

வழக்கப்படி விற்பவர்தான் புரோக்கருக்கு 3 சதவீதம் கொடுப்பார். 60 லட்சத்துக்கு அது 1 லட்சத்து 80 ஆயிரம். இந்தக் கணக்கில் வேலை செய்கிறவர் விலையைக் குறைப்பதற்கு அவ்வளவாகத் தடை போட மாட்டார். நீங்கள் 3 லட்சம் குறைத்துக் கேட்டால் அவருக்குப் போவது 9,000 ரூபாதான். அந்த 9,000க்காக இன்னும் ஒரு மாதம் இழுத்தடிப்பதைவிட, சீக்கிரம் உறுதி எழுதி முடிந்தால் அவருக்கு நிம்மதி. சொந்தக்காரரிடம் போய், "ஐயா, பார்ட்டி நல்ல பார்ட்டி, கொஞ்சம் எறங்கி வாங்க" என்று உங்களுக்காகப் பேசவும் செய்வார்.

சிலர் வாங்குபவரிடமும் ஒரு தொகை கேட்பார்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அதில் தப்பில்லை. ஓடி அலைந்தவருக்குக் கூலி வேண்டும்தானே.

கவனிக்க வேண்டியது மூன்றாவது வகையை. சொந்தக்காரர் அவரிடம், "எனக்குக் கைக்கு 52 வந்தா போதும், மேல வர்றது ஒன்னோடது" என்று சொல்லியிருப்பார். உங்களிடம் 60 என்று வரும். நடுவில் இருக்கும் 8 லட்சம் புரோக்கருடையது. இங்கே நீங்கள் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு ரூபாவும் அவர் பையிலிருந்து போகிறது. "ஐயா 60க்குக் கீழ எறங்கவே மாட்டாரு" என்று அவர் அடித்துச் சொல்வது அதனால்தான். அந்த ஐயாவுக்கு 60 என்ற எண்ணே தெரியாமல் இருக்கலாம்.

ஆள் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "விலை பேசுறதுக்கு முன்னாடி சொந்தக்காரரை ஒருக்கா பார்க்கலாமா அண்ணே?" சதவீதக்காரர் கூட்டிக்கொண்டு போவார். மற்றவர் மழுப்புவார். ஐயா வெளியூரில் இருப்பார், ஐயாவுக்கு உடம்புக்கு முடியாமல் இருக்கும், "எல்லாத்தையும் என்கிட்டயே விட்டுட்டாரு" என்பார். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். அப்படியானால் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் அட்டர்னிப் பத்திரம் யார் பெயரில் என்று கேளுங்கள், ஒரு வீடியோ கோல் கேளுங்கள்.

அவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பட்ஜெட்டைப் பற்றியதாக இருக்கும். பேச்சு இப்படிப் போகட்டும்:

"தம்பி, எவ்வளவு வரைக்கும் பார்க்கிறீங்க? லோனா, கைக்காசா?"

"லோன்தான் அண்ணே. வீட்டைப் பார்த்துட்டு, உறுதி கொப்பியை லோயர்கிட்ட காட்டிட்டு, அப்புறம் விலை பேசுவோம்."

"நாளைக்குக் கொழும்புப் பார்ட்டி ஒண்ணு வருது. அவங்க கைக்காசு."

"சரி அண்ணே, அவங்களுக்கு அமைஞ்சா குடுங்க. அமையலன்னா எனக்கு ஒரு கோல் தாங்க."

லோன் என்பதை மறைக்க வேண்டாம், எப்படியும் மாதக்கணக்கில் நேரம் தேவைப்படும். மறைக்க வேண்டியது தொகையை. "அறுபது வரைக்கும் போகலாம்" என்று வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வீடு உங்களுக்கு அறுபதுதான். கொழும்புப் பார்ட்டி பெரும்பாலும் கற்பனை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நேரத்தில் மட்டும் அது நிஜமாகவே காரில் வந்து இறங்கும். அந்த மாதத்தில் அங்கே விலை பேசாமல் இருப்பதே உத்தமம்.

இன்னொன்று, ஒரே வீட்டை மூன்று புரோக்கர் மூன்று விலைக்குக் காட்டுவார்கள். முதலில் காட்டியவர் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் இரண்டு பேர் கொமிஷனுக்கு வந்து நிற்பார்கள்.

இவ்வளவு சொன்னாலும் புரோக்கரை ஒதுக்க மாட்டேன். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பிரச்சினை, எந்தக் காணி வங்கியில் ஈடு வைத்திருக்கிறது, யார் பிள்ளையை வெளிநாடு அனுப்ப அவசரமாக விற்கிறார் என்பதெல்லாம் விளம்பரத்தில் வராது. அவருக்குத் தெரியும். தேநீர் வாங்கிக் கொடுத்தால் சொல்லவும் செய்வார்.

சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில்

இக்மன் தளத்தில், ஃபேஸ்புக் குழுக்களில், ஞாயிறு பத்திரிகையின் வரி விளம்பரங்களில், கேட்டில் தொங்கும் பலகையில் நேரடி விற்பனை நிறையவே வருகிறது. "புரோக்கர் வேண்டாம்" என்று போட்டுவிட்டுப் புரோக்கரே போன் எடுப்பதும் உண்டு.

நேரே பேசுவதன் பெரிய லாபம் வீட்டைப் பற்றிய தகவல். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊற்றுக் குழாயை எத்தனை வீடு பங்கு போடுகிறது, வீட்டுக்கு வரும் பாதை யாருடையது என்றெல்லாம் அங்கேயே குடியிருப்பவர்தான் சொல்ல முடியும். பாதை விஷயம் மலையகத்தில் ரொம்ப முக்கியம். பல வீடுகளுக்குத் தோட்டப் பாதைதான் வழி. நாளைக்குத் தோட்டம் கேட்டைப் போட்டால் உங்களிடம் வழியுரிமை உறுதியிலும் பிளானிலும் இருக்க வேண்டும்.

நட்டம் என்னவென்றால், சொந்தக்காரரின் விலை மனசிலிருந்து வருகிறது. அப்பா கட்டிய வீடு, மகள் கல்யாணம் நடந்த வீடு. நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்து அவர்கள் தரும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு 50 என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும், அப்புறம் பேச்சே இல்லை. புரோக்கர் வழியாகப் போன குறைந்த விலை இப்படிக் காயப்படுத்தாது. இந்த ஒரு இடத்தில் புரோக்கர் வழிதான் ஜெயிக்கிறது.

அதனால் முதல் தடவை போகும்போது விலையே பேச வேண்டாம். உறுதி, பிளான், வரிச் சீட்டு மூன்றுக்கும் கொப்பி கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில். கொப்பியைச் சட்டத்தரணியிடம் கொடுத்தால் அவர் காணிப் பதிவகத்தில் முப்பது வருட வரலாற்றைத் தேடிப் பார்ப்பார். சொத்து பிரிக்கப்படாத பங்கா, உரித்துள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். இரண்டாம் தடவை போகும்போது எண்ணோடு போகலாம், ஆனால் எண்ணுக்குக் காரணம் வீட்டிலேயே இருக்க வேண்டும்:

"ஐயா, வீடு புடிச்சிருக்கு. பின்பக்கத்து மண் மதில் வெடிச்சு நிக்குது, அதைக் கருங்கல்லில் எழுப்பணும். கூரையில ரெண்டு பக்கம் சீட் மாத்தணும். அதைக் கழிச்சுப் பார்த்தா எனக்கு 51தான் வருது."

இது அவர் வீட்டை மட்டம் தட்டுவதாகப் படாது. செலவைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் "அப்ப 56க்கு வாங்க" என்று பதில் வரும், அங்கிருந்து இருவரும் நடுவுக்கு வரலாம்.

உங்கள் பக்கத்துச் செலவையும் மறக்காதீர்கள். விலையில் முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் முத்திரைத் தீர்வை. 60 லட்சத்துக்கு அது 2 லட்சத்து 39 ஆயிரம், வாங்குபவர் தலையில். நொத்தாரிசு கட்டணம் தனி. வங்கி தன்னுடைய மதிப்பீட்டாளரை அனுப்பும், அவர் போடும் மதிப்பை வைத்துத்தான் லோன். நீங்கள் 56க்கு ஒத்துக்கொண்டு அவர் 48 என்று எழுதினால் அந்த 8 லட்சமும் உங்கள் கைக்காசு. "உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம், தீர்வை மிச்சம்" என்று இரு பக்கமும் ஆசை காட்டும் ஆட்கள் உண்டு. லோனில் வாங்குபவருக்கு அது சரிவராது, மாகாண வருமானத் திணைக்களம் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கம்பெனியும் ஏலமும்

கம்பெனியிடம் விலைப் பட்டியல் சுவரில் தொங்கும், பேரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முழுக்காசு கட்டினால் கொஞ்சம் கழிப்பார்கள், தவணைக்கு ஏற்றுவார்கள். "சின்னக்கர உறுதி, வங்கி லோன் உண்டு" என்று பேனரில் இருக்கும். சின்னக்கர என்றால் முழு உரிமையுள்ள தனியார் காணி. வாங்குவது வீடல்ல, வெறும் துண்டு. கட்டும் செலவு பின்னால் வரும். தண்ணீர் லைன், கரண்ட், பாதைக்குத் தார், இதெல்லாம் விலைக்குள்ளா வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். துண்டு போட்ட பிளானைப் பிரதேச சபையோ மாநகர சபையோ அங்கீகரித்ததா என்றும் பாருங்கள். தேயிலைக் காணியைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, நேற்றுவரை தேயிலை நின்ற மேட்டில் இந்தக் கேள்வி அவசியம். முற்பணம் கட்டிவிட்டு மனம் மாறினால் எவ்வளவு திரும்ப வரும் என்பது ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

வங்கி ஏலத்தில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் சுத்தியல் விழுந்த இடத்திலேயே 10 சதவீதம், உள்ளூராட்சி மன்றத்துக்கு 1 சதவீதம், ஏலக்காரருக்கு 2.5 சதவீதம், மீதி 90 சதவீதம் 30 நாளுக்குள் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. வீட்டுக்குள் ஆள் இருந்தால் எழுப்புவது உங்கள் பாடு. லோனை நம்பி முதல் வீடு வாங்குபவருக்கு இது ஒத்துவராது.

எந்த வழியில் போனாலும் மாறாதவை

சில சொத்துகளுக்கு எந்த விலையும் சொல்லக் கூடாது. லய வீட்டை அஃபிடவிட் எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காணி பெரும்பாலும் 1992இலிருந்து குத்தகைக்கு எடுத்த தோட்டக் கம்பெனியின் கையில் இருக்கும், உரிமை அரசாங்கத்துடையது. விற்பவருக்கே உறுதி இல்லாதபோது உங்களுக்கு என்ன வரும்? 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியையும் சும்மா விற்க முடியாது. அரசாங்கம் அளிப்புப் பத்திரம் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். "பேப்பர் எல்லாம் இருக்கு தம்பி" என்று புரோக்கர் சொல்லும்போது எந்தப் பேப்பர் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது மண். 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை மேடுகளைக் கீழே இறக்கியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று விலை சொல்வதற்கு முன் கேட்டறியுங்கள். இந்த மாவட்டங்களில் புதிதாகக் கட்டவோ பெரிதாக்கவோ அந்த நிறுவனத்தின் அறிக்கையைச் சபை கேட்கும். புரோக்கர் வெயில் நாளில்தான் காட்டுவார். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் ஜூன், ஜூலை மழையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் நவம்பர், டிசம்பர் மழையிலும் ஒரு தடவை போய்ப் பின்மேட்டைப் பாருங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். "ஒரு ஐம்பதாயிரம் தாங்க தம்பி, வேற யாருக்கும் காட்டாம நிறுத்தி வைக்கிறேன்" என்பது புரோக்கரின் வழக்கமான வசனம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் முத்திரை ஒட்டி வாங்கிய ரசீதை வைத்து அந்த வீட்டை உங்களுக்கே விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. விலை படிந்ததும் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதில் அட்வான்ஸைக் கொடுங்கள். வங்கி லோன் மறுத்தால், உறுதியில் பழுது தெரிந்தால், மண்சரிவு அறிக்கை பாதகமாக வந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும் என்ற மூன்று வரியையும் சட்டத்தரணியிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு சொந்தக்காரரின் கணக்குக்குப் போகட்டும். சட்டத்தரணி உங்களுடையவராக இருக்கட்டும், புரோக்கர் கூட்டிவருபவராக வேண்டாம்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஊரில் உள்ள அப்பா அம்மாவை வைத்து வாங்குபவருக்கு மட்டும் என் சிபாரிசு கொஞ்சம் மாறும். அப்பா தனியாகப் போய்ச் சொந்தக்காரரிடம் பேசினால் மரியாதைக்காகவே விலை ஏறிவிடும். அங்கே சதவீதக் கொமிஷனுக்கு வேலை செய்யும் ஒரு புரோக்கரே மேல். ஆனால் எண்ணை அப்பாவிடமும் சொல்லாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொமிஷனை உறுதி கையெழுத்தாகும் அன்று, நொத்தாரிசு மேசையிலேயே கொடுங்கள், அதற்கு முந்தைய நாள் வேண்டாம்.