எங்கள் ஊர்த் தலையாரியின் பணி எப்படி இருக்கிறது?

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் ஒரு கிராமத்தில், சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறேன். பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு பண்ணையத்தை நானே பார்க்கிறேன். அரசாங்கம் எங்கள் தோட்டத்து வாசல் வரைக்கும் வருகிறது என்றால், அது கிராம உதவியாளரின் உருவத்தில்தான் வருகிறது. ஊரில் எல்லோருக்கும் அவர் தலையாரி. எதற்கு அவரை நம்பிப் போகலாம், எங்கே அவருடைய கை நின்றுவிடுகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். வயதான பெற்றோரை இங்கே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். அவருடைய பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பட்டா மாறுதலோ வாரிசுச் சான்றிதழோ இவருடைய கையெழுத்தில் வருவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், முடிவு தாலுகா அலுவலகத்தில். ஆனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது பெரும்பாலும் இவர்தான். எந்தப் புல எண் எந்த ஓடைக்கு மேற்கே இருக்கிறது, அதில் இப்போது சோளம் நிற்கிறதா, வெறும் மேய்ச்சல் காடாகக் கிடக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். ஜூலை முதல் தேதி புதுப் பசலி என்னும் வருவாய்க் கணக்காண்டு பிறந்தால், பயிர் விவரம் எழுதும் அடங்கல் பதிவேடும் புதிதாகத் தொடங்கும். அதில் எழுதப்படும் பயிர் உண்மையாக இருக்க வேண்டுமானால் யாராவது காட்டில் இறங்கி நடந்திருக்க வேண்டும். இவர் நடக்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது அரசு விளம்பரத்தில் போடும் சம்பள விகிதம் 11,100 முதல் 35,100 ரூபாய் வரை. மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எங்கள் தலையாரி ஓட்டுவது சொந்த எக்ஸ்எல் வண்டி, சொந்த பெட்ரோல். படம் எடுப்பதும் பேசுவதும் சொந்த செல்போனில். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்ரோல் பங்கில் பக்கத்தில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீடுகள் தெருவாகச் சேர்ந்து இருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. அடுத்த வீட்டு விளக்குக் கண்ணுக்குத் தெரிந்தாலே பெரிது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்க, எழுபது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு எருமையையும் ஒரு நாயையும் வைத்துக்கொண்டு தனியே இருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் ஒரு முதிய தம்பதியைக் கொன்றார்கள். அந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகு இங்கே யாரும் முன்போல் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதில்லை.

அப்போது தலையாரி யாரும் சொல்லாமலே ஒரு நோட்டுப் போட்டார். தனியாக இருப்பவர் பெயர், பிள்ளைகளின் போன் நம்பர், சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரா, சாளைக்குப் போகும் வண்டித்தடம் எந்தப் பக்கம், பக்கத்து மின்கம்பத்தின் எண் என்ன, இவ்வளவும் அதில் இருக்கிறது. மின்கம்பத்தின் எண் எதற்கு என்று கேட்டேன். "ராத்திரியில் 108 வண்டிக்கு வழி சொல்ல வேண்டும் அக்கா. டிரைவருக்கு நம் தோட்டத்துப் பெயர் தெரியாது, கம்பத்தின் எண்ணைச் சொன்னால் லைன்மேன் எவரையாவது கேட்டுக்கொண்டு வந்துவிடலாம்" என்றார்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை எப்படியும் உண்டு. அந்தச் சாக்கில் எல்லாச் சாளைக்கும் ஒரு சுற்றுப் போய்விடுகிறார். உதவித்தொகை வாங்காத வீட்டுக்கும் போகிறார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவார். ஒருநாள் காலையில் பால் சொசைட்டியில் நின்றிருந்தவர், ஒரு பெரியவரின் கேன் வரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். மற்றவர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மாடு பால் வற்றியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனார். பெரியவர் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, விடியற்காலையிலிருந்து சாணியில் கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸை வரவழைத்து ஏற்றிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மகனுக்குப் போன் செய்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனார். அன்றைக்குத் தாமதமாக வந்ததற்கு அவருக்குத் திட்டு விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வயிறு எரிந்தது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். என்னிடம் செம்மறிகள் இருக்கின்றன. கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும். தாத்தா காலத்தில் அந்த வேலியே போதுமான காவல். இப்போது தெருநாய்கள் கூட்டமாக வந்து, வேலியில் சந்து பார்த்து நுழைந்து, பட்டியில் அடைத்த ஆடுகளைக் குதறிப் போடுகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்தில் ஆடு வளர்க்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடிய பிறகே இழப்பீடு என்ற அறிவிப்பு வந்தது.

என் பட்டியில் நாய் விழுந்த அன்று விடிந்தும் விடியாமலும் தலையாரி வந்தார். அழுதுகொண்டு குழி வெட்டச் சொன்ன என்னைத் தடுத்தார். "டாக்டர் பார்த்துப் பரிசோதனை செய்து எழுதித் தராமல் புதைத்தால் ஒன்றும் கிடைக்காது அக்கா. நிழலில் இழுத்துப் போட்டுத் தார்ப்பாய் மூடுங்கள்" என்றார். ஒவ்வொரு ஆட்டையும் கடிபட்ட இடம் தெரியப் படம் எடுத்தார், வேலியில் நாய் நுழைந்த சந்தையும் எடுத்தார். கால்நடை மருத்துவருக்கு அவரே போன் செய்தார். சினை ஆடு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பணம் வர மாதக்கணக்கானது, வந்ததும் ஆட்டின் விலைக்கு ஈடாகாது. இருந்தாலும் காகிதத்தில் ஒரு குறையும் சொல்லி யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு முழுக் காரணம் அந்தக் காலை நேரத்து வேலை.

மாமியார் காலமானபோது நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் நடந்த சாவு. இறந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், தள்ளிப்போனால் அபராதமும் அலைச்சலும் கூடும் என்று எழவு வீட்டிலேயே மெதுவாக நினைவுபடுத்திவிட்டுப் போனார். கருமாதி முடிந்து வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். உறவில் ஒருவர், பெண் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம், அவர்களுக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே என்று தலையாரியிடம் தனியாகப் பேசிப் பார்த்தார். பணமும் காட்டியிருக்கிறார்.

தலையாரி நடுவீட்டில் எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார். "வாரிசு என்றால் எல்லோரும் வாரிசு. பெயரை விட்டு எழுதினால் நாளைக்கு இந்தச் சான்றிதழே செல்லாமல் போகும். உங்கள் அக்கா தங்கை தங்கள் பங்கை வேண்டாம் என்று மனதார விட்டுக்கொடுத்தால், பிறகு பத்திர ஆபீஸில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். அது அவர்கள் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன்." பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் ஆனது. அதை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சத்தமாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் நாத்தனார்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பங்கை எடுத்துக்கொண்டார், ஒருவர் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். இருவரும் இன்றைக்கும் பொங்கலுக்கு வந்து போகிறார்கள்.

அவர் அப்படிப் பேசியதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஊர் நிர்வாகத்தையும் கணக்கையும் பார்த்த பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழிக்கும் வரைக்கும் எங்கள் ஊர்க் கணக்கு ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் இருந்தது. தலையாரியின் அப்பா அந்தத் திண்ணையில் ஏறியதில்லை. வாசலில் நின்று, கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவார். அவரை வளவில் சின்னப் பிள்ளைகள்கூட ஒருமையில் அழைப்பார்கள். இன்று மகன் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணை செய்கிறார். இன்னமும் ஒருமையில் கூப்பிடும் சிலர் இருக்கிறார்கள். அவர் குரலை உயர்த்துவதில்லை. "சொல்லுங்கள்" என்று மரியாதையாகவே பதில் சொல்கிறார், வேலையையும் அதே கணக்கில் செய்கிறார். என் வீட்டில் அவருக்குத் தம்பி, வாருங்கள், உட்காருங்கள். வேறு விதமாகப் பேசுகிறவர்களை நான் காபி கொடுத்து உபசரிப்பதில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். ஓடைப் புறம்போக்கை ஒரு வசதியான குடும்பம் வேலி போட்டு வளைத்தபோது இவர் போய்ப் பார்த்தார், அடி போட்டு அளந்தார், தப்பு என்று வாயால் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றால் இன்று நாளை என்று தள்ளினார். ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிக்கை போனது. அதே ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருக்க வேண்டிய மனிதர், பயம் நியாயமானது. ஆனாலும் அந்தத் தாமதத்தில் ஒரு மழைக்காலம் போய்விட்டது, தண்ணீர் ஏழைகளின் காட்டுக்குள் புகுந்தது. அதை நான் குறையாகத்தான் சொல்வேன்.

இன்னொரு குறை, ஆள் கிடைப்பதில்லை. பக்கத்துக் கிராமத்தில் தலையாரி இடம் காலி, அதையும் இவர் பார்க்கிறார். கிராம நிர்வாக அலுவலருக்கும் கூடுதல் பொறுப்பு, வாரத்தில் சில நாட்கள்தான் இங்கே. இதற்கு நடுவில் தாலுகா ஆபீஸ் இரவுக் காவல், தபால் எடுத்துப் போவது, விழாவுக்கு நாற்காலி போடுவது என்று இழுத்துவிடுகிறார்கள். தோட்டந்தோட்டமாக ஊரைத் தெரிந்த ஒருவரை நாற்காலி போட அனுப்புவதைப் போன்ற வீண் வேறில்லை. ஆபீஸ் கட்டடம் மழைக்கு ஒழுகுகிறது. பழைய பதிவேடுகளை அவர் உரச் சாக்கில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்திருக்கிறார்.

வாய்க்கால் தண்ணீருக்கு இவரைப் போய்த் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிந்து முறை வைத்து வருவது. அது பாசன சபையும் நீர்வளத் துறையும் பார்க்கும் வேலை. அவரை விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் கேட்டால், அந்த மனிதரின் வேலைக்கு ஐந்தில் நாலரை. அவருக்கு மேலே இருக்கும் ஏற்பாட்டுக்கு இரண்டு. எங்கள் வேலைக்காக அவர் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கேட்காமல் கொடுத்தாலும் வாங்க மாட்டார், இளநீர் மட்டும் குடிப்பார். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் "தலையாரிக்குக் கொடுக்க வேண்டும்" என்று வெளியில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். பார்க்கப் போவதானால் காலை எட்டு மணிக்கு முன்பு பால் சொசைட்டிப் பக்கம் போவது நல்லது. ஆதார், குடும்ப அட்டை, பழைய பட்டா, வரி ரசீது நகல்களைக் கையோடு எடுத்துப் போங்கள். போனில் சொன்னால் மறந்துவிடுகிறார், ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் மறப்பதில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது உங்கள் நம்பரை அவருடைய நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். நம்பர் மாறினால் உடனே சொல்லுங்கள். பெரியவர் விழுந்த அன்று மகனின் பழைய நம்பர்தான் அதில் இருந்தது, புது நம்பரைத் தேடிப் பிடிக்க மதியமாகிவிட்டது.

கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி வருகிறது, அதில் இரண்டு கோரிக்கையோடு மனு கொடுக்கிறோம். பக்கத்துக் கிராமத்துக் காலி இடத்துக்கு ஆள் போட வேண்டும், எங்கள் தலையாரியை இரவுக் காவலுக்கு எடுக்கக் கூடாது. மனு என் வீட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஆடு பட்டிக்குத் திரும்பிய பிறகு வாருங்கள்.