ஆன்லைன் ஏலம்: பணம் எந்த வழியில் போனால் யாருக்குப் பாதுகாப்பு?

ஏலத் தளத்தில் வாங்குபவரும் விற்பவரும் முன்பின் தெரியாதவர்கள். பணமும் பொருளும் ஒரே நொடியில் கை மாறுவதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அந்த இடைவெளி சில நாட்கள் நீளும், சில சமயம் வாரக்கணக்கிலும் இழுக்கும். ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன. அதனால் பணம் கட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடையில் ஏதாவது கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழும்?

கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடிகிற வழி, வாங்குபவருக்குப் பாதுகாப்பானது. அதே காரணத்தால் விற்பவருக்கு அது ஆபத்தானது. இரண்டு தரப்புக்கும் ஒரே வழியைச் "சிறந்தது" என்று சொல்லும் அறிவுரைகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு வழியையும் இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும்.

வங்கிப் பரிமாற்றம், பணம் அனுப்பும் சேவைகள், காசோலை

முன்பின் தெரியாதவருக்கு வங்கி வழியே நேரடியாக அனுப்பிய பணம், அனுப்பியபடிதான். பெறுபவர் எடுத்துவிட்டால் வங்கியால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. பணம் அனுப்பும் சேவைகள் இன்னும் மோசம், ஏனென்றால் வாங்கிக்கொண்டவர் யார் என்பதே தெரியாமல் போகலாம். மோசடிக்காரர்கள் இந்த வழியை எந்த அளவுக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மோசடிப் பணம் தன் வழியே போவதைத் தடுக்கத் தவறியதற்காக வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் 2017-இல் அமெரிக்க அரசுடன் சமரசத்துக்கு வந்து 58.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. "கார்டு வேண்டாம், இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், அந்தப் பத்து சதவீதம் உங்கள் பாதுகாப்பை அவர் வாங்கும் விலை.

விற்பவருக்கு வங்கிப் பரிமாற்றம் நல்லதுதான், பணம் உண்மையிலேயே கணக்கில் ஏறியிருந்தால். "பணம் செலுத்தப்பட்டது" என்று வரும் மின்னஞ்சலும் ஸ்கிரீன்ஷாட்டும் கணக்கில் சேராது. அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே உங்கள் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பார்சலை அனுப்புங்கள்.

காசோலையை விற்பவர் ஒதுக்கிவிடுவதே நல்லது. வழக்கமான தந்திரம் இப்படிப் போகும்: விலையைவிடக் கூடுதலாக ஒரு காசோலை வரும். "தவறிவிட்டது, மீதியைக் கூரியர்காரருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். வங்கி ஓரிரு நாளில் தொகையைக் கணக்கில் காட்டிவிடும், நீங்களும் மீதியை அனுப்புவீர்கள். காசோலை போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அப்போது வங்கி முழுத் தொகையையும் உங்களிடமிருந்தே பிடிக்கும். கணக்கில் தெரியும் தொகை வேறு, காசோலை உண்மையில் பாஸ் ஆவது வேறு.

கார்டும் பேபாலும்

கார்டும், இணையவழிப் பணச் சேவையான பேபாலும் வாங்குபவருக்கு வலுவான வழிகள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான வகை முறையீடுகளுக்கு 120 நாள் அவகாசம் இருக்கிறது. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் முறையீட்டைத் தொடங்க வேண்டும். அதோடு முடியவில்லை, தொடங்கிய 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும், மூடியதைத் திறக்க வழியில்லை. "பார்சல் வந்துகொண்டிருக்கிறது, முறையீட்டை மூடிவிடுங்கள், உடனே பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று விற்பவர் கெஞ்சுவது இந்த விதியைத் தெரிந்துகொண்டுதான். பணம் கைக்கு வரும் வரை மூடாதீர்கள்.

பேபாலில் இரண்டு கதவுகள் உண்டு: பொருள், சேவைக்காகக் கட்டுவது ஒன்று, நண்பர், குடும்பத்துக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதில் கட்டணம் மிச்சம், ஆனால் வாங்குபவருக்கான பாதுகாப்பு அறவே கிடையாது. விற்பவர் இரண்டாவதைக் கேட்டால் அந்த ஏலத்தை விட்டுவிடுவதே சரி.

இப்போது விற்பவர் பக்கம். பார்சல் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்றால், "பொருள் வரவில்லை" என்ற முறையீட்டில் விற்பவர் தோற்பார். அதனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. டிராக்கிங் எண் இல்லாமல் அனுப்பக் கூடாது. பேபாலின் பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். பணம் கட்டிய பிறகு "வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால், ஆர்டரை ரத்துசெய்துவிட்டுப் புதிய முகவரியோடு மறுபடி கட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகை 750 டாலரைத் தொட்டாலோ தாண்டினாலோ கையெழுத்து வாங்கித் தரும் டெலிவரி வேண்டும். ஏலத் தளமான ஈபேயும் பேபாலும் இந்த எல்லையையே வைத்திருக்கின்றன. 749 டாலருக்கு விற்றாலும் நான் கையெழுத்து டெலிவரியையே பரிந்துரைப்பேன்.

தளத்தின் சொந்த உத்தரவாதம்

ஈபேயில் வாங்குபவருக்கான பணம் திரும்பும் உத்தரவாதம் இருக்கிறது. பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து, வராவிட்டால் வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து, 30 நாள்தான் கணக்கு. முதலில் விற்பவரிடம் தளத்தின் வழியே புகார் செய்ய வேண்டும். அவருக்கு மூன்று வேலைநாள் அவகாசம். அதற்குள் தீராவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். சொன்னதற்கு மாறான பொருள் வந்திருந்தால் திருப்பி அனுப்பும் செலவு விற்பவருடையது. கார், வீட்டுமனை போன்றவை இந்த உத்தரவாதத்தில் வராது.

கார்டு சார்ஜ்பேக்கையும் தளத்தின் உத்தரவாதத்தையும் ஒரே சமயத்தில் ஓட்ட முடியாது. வங்கியிடம் போய்விட்டால் தளம் தன் கோப்பை மூடிவிடும். நடைமுறையில் தளத்தின் வழிதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அதன் கெடுதான் குறைவு. அங்கே தோற்றால் கார்டுக்கான நாட்கள் பெரும்பாலும் மீதமிருக்கும். தலைகீழாகப் போனால் இருக்காது.

வாங்குபவர்கள் அதிகம் சிக்கும் ஒரு தந்திரத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். மோசடிக்காரர் உண்மையான டிராக்கிங் எண்ணைத்தான் தருகிறார். ஆனால் பார்சல் உங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதியிலேயே வேறு ஒரு முகவரிக்குப் போகிறது, உள்ளே வெறும் காகிதம். டிராக்கிங்கில் ஊர் சரி, குறியீடு சரி, "டெலிவரி ஆனது" என்றும் இருக்கும். தளத்தின் கணினி அதை ஏற்றுக்கொண்டு முறையீட்டை நிராகரித்துவிடும். அப்போது கூரியர் நிறுவனத்திடம் தெரு முகவரியும் எடையும் உள்ள டெலிவரி ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிலோ எடையுள்ள கேமராவுக்கு இருபது கிராம் உறை போயிருந்தால், அந்த ஒரு எண்ணே போதும், முறையீட்டை மறுபடி திறக்க வைக்கலாம்.

இதே எடைதான் நேர்மையான விற்பவரையும் காப்பாற்றுகிறது. "காலிப் பெட்டி வந்தது" என்று வாங்கியவர் பொய் சொன்னால், எடை அச்சிட்ட அஞ்சல் ரசீதுதான் கையில் இருக்கும் சாட்சி. விலை உயர்ந்த பொருளைப் பொதியும்போது வரிசை எண் தெரியும்படி படமெடுத்து, பெட்டியை மூடி லேபிள் ஒட்டும் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும்போது நல்ல பொருளை வைத்துக்கொண்டு பழுதான ஒன்றை அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. வரிசை எண் இல்லாத பொருளில் உட்புறமாக, புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனாவால் ஒரு குறி போட்டு, அதையும் படமெடுத்து வைத்தால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எஸ்க்ரோ

பெரிய தொகைக்கு இரண்டு தரப்புக்கும் ஓரளவு சமமாக நிற்கும் வழி இதுதான். வாங்குபவர் இடைநிலை நிறுவனத்திடம் கட்டுகிறார். பணம் வந்ததை அந்த நிறுவனம் உறுதிசெய்த பின் விற்பவர் அனுப்புகிறார். வாங்குபவர் ஒத்துக்கொண்ட நாட்களுக்குள் சோதித்துப் பார்க்கிறார். சரி என்றதும் பணம் விற்பவருக்குப் போகிறது. 1999-இல் தொடங்கிய எஸ்க்ரோ.காம் இந்த வகையில் பழையது. கட்டணமும் காத்திருப்பும் இருப்பதால் சின்னப் பொருளுக்கு இது தோதுப்படாது.

ஆபத்து எஸ்க்ரோ முறையில் இல்லை, எஸ்க்ரோ போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களில் இருக்கிறது. எதிர்த்தரப்பு ஒரு எஸ்க்ரோ தளத்தின் பெயரைச் சொல்லி இணைப்பும் அனுப்பினால், அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், உரிமம் உண்மையா என்று அதை வழங்கிய அரசுத் துறையின் பக்கத்தில் பாருங்கள். தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது எஸ்க்ரோவே இல்லை.

நேரில் சென்று வாங்குவது

இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம். வாங்குபவர் கண்ணால் பார்த்து எடுக்கலாம், விற்பவர் ரொக்கத்தை எண்ணி வாங்கலாம். செல்போன் என்றால் *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு உங்கள் முன்னாலேயே நீக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் அது திறக்கவே முடியாத வெறும் கல்.

விற்பவர் கவனிக்க வேண்டிய சேர்க்கை ஒன்று உண்டு: ஆன்லைனில் கட்டிவிட்டு நேரில் எடுத்துச் செல்வது. டிராக்கிங் எண் கிடையாது. அவர் எடுத்துப் போன பிறகு "பொருள் வரவில்லை" என்று முறையிட்டால் உங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. ஈபேயில் நேரில் எடுப்பவர் காட்டும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ ஆறு இலக்க எண்ணைப் பதிவிட்டோ ஒப்படைப்பை உறுதிப்படுத்தலாம். அதைச் செய்யாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் நேரில் எடுப்பவரிடம் ரொக்கம் மட்டும் வாங்குங்கள். சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் இருக்கட்டும்.

நட்சத்திரங்களைப் படிப்பது

விற்பவரின் மதிப்பீடும் வாங்குபவரின் மதிப்பீடும் ஒரே தராசில் நிறுத்தக்கூடியவை அல்ல. 2008 முதல் ஈபேயில் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. ஆகவே வாங்குபவரின் நூறு சதவீதம் எதையும் சொல்வதில்லை. விற்பவரிடம் சதவீதத்தைவிட வரலாறுதான் பேசும். ஐந்து வருடமாகப் பொத்தான்களும் அஞ்சல்தலைகளும் விற்றவர் திடீரென்று ஒரே வாரத்தில் இருபது மடிக்கணினிகளைப் போட்டிருந்தால், கணக்கு களவாடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பொருளின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். பொருள் கையில் இருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை.

உச்சத் தொகையை முதலிலேயே சொல்வதா, கடைசி நொடியில் கேட்பதா?

ஈபேயில் நீங்கள் உச்சத் தொகையைப் பதிவிட்டால், தளம் உங்கள் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் படிப்படியாக ஏற்றும். நீங்கள் 200 டாலர் என்று உச்சம் வைத்து, அடுத்தவரின் உச்சம் 120 என்றால், 122.50-க்குப் பொருள் உங்களுடையது. 100 முதல் 249.99 வரை படி 2.50 டாலர். கொள்கை அளவில் ஆரம்பத்திலேயே உண்மையான உச்சத்தைப் பதிவிட்டால் போதும். ஆனால் ஏறும் விலையைப் பார்த்து மற்றவர்கள் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். விற்பவரின் ஆளே போலியாக ஏற்றலாம். கடைசிச் சில நொடிகளில் கேட்டால் அதற்கு நேரம் இருக்காது. பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முடியும் நேரம் கறாராக இருந்த ஈபேயில் கடைசி நேரக் கேள்விகள் (ஏலத்தில் கேட்கும் தொகைகள்) அதிகமாகவும், கடைசிக் கேள்விக்குப் பின் பத்து நிமிடம் நீண்ட அமேசான் ஏலங்களில் குறைவாகவும் இருந்தன. நீளும் தளத்தில் கடைசி நொடித் தந்திரம் பலிக்காது என்பதால் அங்கே உச்சத்தை முன்பே பதிவிடுங்கள். கறாராக முடியும் தளத்தில் கடைசிப் பத்து நொடி, ஒரே கேள்வி, உங்கள் உண்மையான உச்சம்.

போலி ஏற்றத்தைக் கண்டுபிடிக்க ஏலப் பட்டியலில் கேட்டவரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் அவருடைய 30 நாள் ஏலச் சுருக்கத்தைத் திறக்கலாம். ஒரே விற்பவரிடமே அவருடைய கேள்விகளில் பெரும்பகுதி, கூடவே திரும்பப் பெற்ற கேள்விகள் பல என்றால் விலகிவிடுங்கள்.

ஏலத்தில் தோற்ற மறுநாள் "வென்றவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன்" என்று மின்னஞ்சல் வந்தால், தளத்தில் உள்நுழைந்து உங்கள் செய்திப் பெட்டியைப் பாருங்கள். உண்மையான இரண்டாம் வாய்ப்பு அங்கேயும் இருக்கும். இல்லையென்றால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

விற்பவருக்கு: குறைந்த ஆரம்ப விலையா, ரிசர்வா, நேர் விலையா?

பலர் தேடும் பொருள் என்றால் குறைந்த ஆரம்ப விலை கூட்டத்தை இழுக்கும், விலை தானாக ஏறும். அரிதாகத் தேடப்படும் பொருளுக்கு அதே தந்திரம் கை கடித்துவிடும். ஒருவரே கேட்டால் அந்த அடிமட்ட விலைக்கே போய்விடும். ரிசர்வ் விலை, அதாவது அதை எட்டாவிட்டால் விற்க வேண்டியதில்லை என்று விற்பவர் வைக்கும் குறைந்தபட்ச விலை, அதைத் தடுக்கிறது, ஆனால் "ரிசர்வ் எட்டவில்லை" என்ற வரியைப் பார்த்துப் பலர் நகர்ந்துவிடுவார்கள். சந்தை விலை தெரிந்த செல்போன், மடிக்கணினி போன்றவற்றுக்கு உடனே பணம் கட்டச் சொல்லும் நேர் விலைதான் நல்லது: பணம் கட்டும் வரை பொருள் பட்டியலிலேயே இருக்கும். ஏலத்தில் வென்றவர் கட்டாவிட்டால் ஈபேயில் நான்கு நாள் காத்திருந்து ரத்துசெய்ய வேண்டும்; ரத்துசெய்யும்போது காரணமாகப் பணம் கட்டாததையே தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் விற்பனைக் கட்டணம் திரும்ப வரும்.