பால்கனியில் நான்கு ஆண்டுகளாக ஒரு நுண்துகள் உணரி

வேளச்சேரியில் பெரிய சாலையைப் பார்த்த எங்கள் வீட்டு பால்கனியில், வாகனப் புகையை அளந்துவிடலாம் என்று நம்பி 2021-இல் ஒரு லேசர் நுண்துகள் உணரியைப் பொருத்தினேன். கருவியில் குறையில்லை; ஆனால் நான் அளக்க நினைத்ததை அது அளக்கவில்லை என்பது புரிய ஓராண்டு ஆயிற்று.

துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை வைத்தே இது கணக்கிடுகிறது. 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழானவை இதற்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. புகைக்குழாயிலிருந்து புதிதாக வரும் துகள்களில், எண்ணிக்கையில் பெரும்பாலானவை 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. ஆகவே மூக்கு அறிந்த பேருந்துப் புகையைத் திரையில் காண முடியாது. மாறாக, மழைக்காலத்து அதிகாலைகளில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால், சாலை வெறிச்சோடியிருக்கும்போதே எண் ஏறும். அதை அலுவலக நேர நெரிசலின் தொடக்கம் என்று முதல் ஆண்டு முழுவதும் குறித்து வைத்திருந்தேன்! இப்போது ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிய அளவுகளை ஒதுக்கிவிடுகிறேன்.

உண்மையில் உதவியது, கட்டடத்தின் பின்புறம் வைத்த இரண்டாவது உணரிதான். முன்புற அளவிலிருந்து பின்புற அளவைக் கழித்தால் மிஞ்சுவதே சாலையின் பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். அந்த மிச்சம் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தது. போகியன்று இரண்டும் சேர்ந்தே எகிறின. நைட்ரஜன் டை ஆக்சைடு போக்குவரத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் என்பதால், வேளச்சேரியிலுள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையத்தின் மணிவாரி அளவுகளையும் உடன் வைத்துப் பார்க்கிறேன்.

வாகனங்களை எண்ணி, வகைக்கேற்ற உமிழ்வுக் காரணியால் (ஒரு வண்டி கிலோமீட்டருக்குச் சராசரியாக வெளியிடும் மாசின் அளவு) பெருக்கும் முறையையும் ஒரு வாரம் முயன்றேன். கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று விடை வருகிறதே தவிர, நாம் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு என்பது காற்றின் வேகத்தையும் இருபுறக் கட்டடங்களின் உயரத்தையும் சேர்க்காமல் கிடைப்பதில்லை. சிக்னலில் நின்று உறுமும் வண்டிக்குச் சராசரி வேகக் காரணி பொருந்துவதுமில்லை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6) வாகன உமிழ்வு விதிகள் புகையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. டயர் தேய்மானமும் சாலைப் புழுதியும் அந்தக் கணக்கில் வராதவை.

வாங்க நினைப்பவர்களுக்கு: நுண்துகளுக்கு (PM2.5) கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கானது, நிமிடத்துக்கொரு முறை மாறும் எண்ணை அதனோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். உள்ளிருக்கும் சிறு விசிறியில் தூசி அடையும். இரண்டு உணரிகளையும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அருகருகே ஒரு நாள் ஓடவிட்டு, வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பிறகே கழித்தல் கணக்கைத் தொடங்குகிறேன்.