நெஞ்சுக்குள் கார்பன் வால்வு: 18 ஆண்டு அனுபவம்

"அக்கா, இந்த வால்வு எத்தனை வருடம் உழைக்கும்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில், கையில் மீன் பையோடு நின்ற என்னிடம் ஒரு பெண் கேட்டாள். வயது முப்பத்து நான்கு. இருதய வால்வு மாற்று அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வந்தேன், மனம் ஆறவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை முழுதாக இங்கே எழுதுகிறேன்.

இருதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என் மிட்ரல் வால்வை 2007-இல் மாற்றினார்கள். அப்போது எனக்கு 38 வயது. பழுதுக்குக் காரணம் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல். தோட்டத்து லயத்தில் தொண்டை வலி என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். முழங்கால் வீங்கினால் எண்ணெய் தேய்ப்பார்கள். தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படையே மூட்டையும் வால்வையும் சேர்த்துத் தாக்கியது யாருக்குத் தெரியும்? வால்வு தழும்பேறித் தடித்து, ஆண்டுகள் கழித்துச் சுருங்கியது. ரப்பர் பால் வாளியோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கியதைச் சோகை என்றே நினைத்திருந்தேன்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் ஒரு மாதிரி வால்வை என் உள்ளங்கையில் வைத்தார். அந்நாளைய ஐம்பது சென் காசைவிடச் சற்றே பெரிய வளையம். சுற்றிலும் தையல் போடுவதற்கு வெள்ளைத் துணி விளிம்பு. நடுவில் கறுப்பாக, வழுவழுவென்று இரண்டு அரைவட்ட இதழ்கள். நகத்தால் தொட்டதும் திறந்தன. வளையத்தைச் சாய்த்ததும் மூடிக்கொண்டன. பேட்டரி இல்லை, ஸ்பிரிங் இல்லை. ரத்தத்தின் அழுத்தமே திறக்கிறது, அதுவே மூடுகிறது.

அந்தக் கறுப்புப் பொருள் பைரோலிட்டிக் கார்பன். அணு உலை எரிபொருள் துகள்களுக்குப் பூச்சாக உருவாக்கியதை 1960களில் இருதயத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1960-இல் ஸ்டாரும் எட்வர்ட்ஸும் கொண்டுவந்த வால்வில் கூண்டுக்குள் ஒரு பந்து ஓடியது; ரத்தம் அந்தப் பந்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிறகு சாயும் ஒற்றைத் தட்டு வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு அந்த வகை. என்னுடையதைப் போன்ற இரட்டை இதழ் வால்வு 1977 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இதழ்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் அளவுக்குத் திறப்பதால் ரத்தம் நேராகப் பாய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் கீல்தான். மூடிய பிறகும் அந்த இடுக்கில் சிறிது ரத்தம் பின்னோக்கிக் கசியும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். ரத்தம் தேங்கி உறையாதபடி அந்தக் கசிவு கீலைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. 18 ஆண்டுகளில் 65 கோடி தடவை திறந்து மூடியிருக்கும். எக்கோ பரிசோதனையில் இன்றுவரை தேய்மானம் என்ற பேச்சே வரவில்லை. எனவே, தங்கையே, இந்தக் கார்பன் வால்வு உன் ஆயுளுக்கும் உழைக்கும். கவனிக்க வேண்டியது ரத்தத்தை.

வால்வுக்குச் சத்தம் உண்டு, கைக்கடிகாரம்போல. முதல் இரண்டு மாதம் தூக்கமே வரவில்லை. இடப்பக்கம் படுத்தால் தலையணை வழியாகக் காதில் தட்டும். பிறகு பழகிவிட்டது, பழகியது எவ்வளவு நல்லது என்பது 2013-இல் தெரிந்தது. பல் பிடுங்கப் போன ஓரிடத்தில், வால்வில் ரத்தம் உறையாமலிருக்க நான் எடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பத்து நாளைக்கு நிறுத்தச் சொன்னார்கள். இருதயக் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் இரவு தலையணையில் காது வைத்தேன், தட்டல் இல்லை. கணவர் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "துணியைச் சுற்றி அடைத்தாற்போல் இருக்கிறது" என்றார். படுத்தால் மூச்சு முட்டியது.

ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே திரையில் இதழ்கள் இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. ஒரு கோடு மட்டும் எழுந்து விழுந்தது. மற்றது அசையவே இல்லை, ரத்தக்கட்டி பிடித்திருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் மதியம், கஞ்சி கொடுக்க வந்த நேரத்தில், நெஞ்சுக்குள் தட்டல் திரும்பியது. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அழுதேன்.

சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்க வார்ஃபரினை நிறுத்தத் தேவையில்லை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே பார்த்து அளவு சரியாக இருந்தால் போதும். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, பல் வேலைக்கு முன்னால் ஆன்டிபயாடிக் போட வேண்டும். இந்த இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி மணிபர்ஸில் வைத்திருக்கிறேன்.

வார்ஃபரின் எனக்குப் புதிதல்ல. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, மரத்துக்கு மரம் எலி மருந்து மெழுகுக் கட்டி வைக்கும் வேலையை இரண்டு ஆண்டு செய்தேன். அந்தக் கட்டிக்குள் இருந்ததும் இதே வார்ஃபரின்தான். முதலில் மாத்திரையை விழுங்கவே கை நடுங்கியது. மருந்தாளுநர் அம்மா பொறுமையாக விளக்கினார்: எலிக்கு ரத்தம் நிற்காமல் போகும் அளவு, நமக்கு வால்வில் உறையாமல் காக்கும் அளவு. என்னுடைய ஐ.என்.ஆர். இலக்கு 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு.

கீரையை அடியோடு விடச் சொல்லும் உறவினர்களைக் கேட்காதே. முருங்கைக்கீரை, சாயோர் மானிஸ், கங்கோங் எல்லாவற்றிலும் வைட்டமின் கே அதிகம். அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆபத்து. நான் செவ்வாயும் வெள்ளியும் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறேன், விருந்து வந்தாலும் அவ்வளவுதான். முட்டி வலி மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் கேட்டுவிட்டே சாப்பிடுகிறேன்.

பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்பாய். உலோக, கார்பன் வால்வு உள்ளவர்களுக்கு அவை ஆகாது. அந்தப் புதிய மாத்திரைகளில் டபிகாட்ரான் சோதனையை 2012-இலும் அபிக்ஸபான் சோதனையை 2022-இலும் பாதியில் நிறுத்தினார்கள். வார்ஃபரின் எடுத்தவர்களைவிட அவற்றை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி அதிகமாக வந்தது.

இன்னொன்றைச் சந்தையில் கேட்கக் கூச்சமாக இருந்தது. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். பன்றி அல்லது மாட்டுத் திசுவால் செய்த வால்வுக்கு வாழ்நாள் முழுதும் அது தேவைப்படாது. ஆனால் இளம் வயதில் சீக்கிரம் பழுதாகி, மறுபடி அறுவைக்குப் போக வேண்டிவரும். எனக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள் இருந்ததால் முடிவு எளிதாக இருந்தது. உனக்கு அப்படி இருக்காது.

வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு ஐ.என்.ஆர். கிளினிக் இருக்கிறது. நீயும் வா. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். எப்படிப் பார்க்கிறார்கள் என்று நேரில் காட்டுகிறேன். என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொள்.