விருந்தினர் அறைக்குச் சுங்குடி தைக்கக் கொடுப்போர் கவனத்திற்கு

சுங்குடி என்பது மதுரையின் புள்ளிபோட்ட பருத்தித் துணி; கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய கைமுடிச்சுச் சுங்குடி என்று சொல்லிக் கைமுடிச்சுக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டு, ஸ்கிரீன் பிரிண்ட் துணியில் திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் தைத்துக் கொடுக்கும் ஒரு கடையிடம் நாங்கள் 18,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். வெளியூர் உறவினர் வருகிறார்கள் என்று அறையை ஒழுங்குபடுத்தும் குடும்பங்கள்தாம் இத்தகைய கடைகளின் முதல் இலக்கு என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு மகள் வீட்டுச் சம்பந்திகள் புனேயிலிருந்து முதன்முறையாக வந்து தங்குவதாக இருந்தது. மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறையில் கட்டிலும் அலமாரியும் ஏற்கெனவே இருந்தன; நம் ஊரின் சாயல் அறையில் தெரிய வேண்டும் என்பதற்காக, ஜன்னல்களுக்கும் மெத்தைக்கும் தலையணைகளுக்கும் ஒரே நிறத்தில் சுங்குடி போடுவது என்று முடிவு செய்தோம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கும் அந்தக் கடையில் எங்களுக்குக் காட்டப்பட்ட மாதிரித் துணி உண்மையானது. முடிச்சுகள் முழுதும் அவிழ்க்கப்படாமல், துணி சுருங்கிச் சுருங்கி நின்றது. "இது கையால முடிஞ்சதுதாம்மா, இதே துணியிலதான் எல்லாம் தைப்போம்" என்று கடைக்காரர் உறுதி கூறினார். ஆனால் 10,000 ரூபாய் முன்பணத்துக்கு அவர் எழுதித் தந்த சீட்டில் "சுங்குடி திரை, பெட்ஷீட், தலையணை உறை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எந்த வகைச் சுங்குடி என்று எழுதச் சொன்னபோது, "எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று சிரித்தபடி அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

தைத்த துணி விருந்தினர் வருவதற்கு முந்தைய மாலையில்தான் வந்து சேர்ந்தது. இந்தத் தாமதமும் கணக்குப் போட்டே செய்யப்படுகிறது என்று இப்போது நினைக்கிறேன். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் கடைப் பையன் பொட்டலத்தைக் கொடுத்தான். விரித்துப் பார்த்தபோது முன்பக்கத்தில் அரக்குச் சிவப்பு பளிச்சென்று இருக்க, பின்பக்கம் வெளிறிக் கிடந்தது.

மதுரைச் சுங்குடியின் முறையைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு அடையாளமே போதும். சௌராஷ்டிரக் குடும்பங்களின் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டபின் சாயத்தில் முக்குகிறார்கள். சாயம் ஏறாமல் தப்பிய இடமே புள்ளி. ஆகவே புள்ளி துணியின் இரு பக்கமும் தெரியும், ஒன்றுக்கொன்று அளவில் சிறிது மாறுபடும், பல புள்ளிகளின் நடுவில் ஊசிமுனை அளவு சாயமும் நிற்கும். ஸ்கிரீன் பிரிண்டில் சாயம் மேல்பக்கத்தில் மட்டும் படிவதால் பின்பக்கம் மங்கிவிடுகிறது. அச்சுக்கட்டையால் மெழுகுப் புள்ளிகளை ஒற்றிச் சாயமேற்றும் மெழுகு அச்சுச் சுங்குடியைப் பிரித்தறிவது இதைவிடக் கடினம். அதுவும் சாயத்தில் முக்கப்படுவதால் இரு பக்கமும் நிறம் பிடிக்கும், ஆயினும் அச்சுக்கட்டையின் அளவுக்கு ஒருமுறை அதே வரிசை பிசகாமல் திரும்ப வருவதைக் கூர்ந்து பார்த்தால் கண்டுகொள்ளலாம். மெழுகு அச்சு நேர்மையான தொழில், பலருடைய பிழைப்பு. அதன் பெயரைச் சொல்லி அதன் விலைக்கு விற்பவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

தையலிலும் கை வைத்திருந்தார்கள். நான்கு அடி அகல ஜன்னலுக்குத் திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு அடி அகலத் துணி வேண்டும். எங்களுக்கு வந்தது ஐந்து அடிகூட இல்லை. இழுத்து மூடினால் கொடியில் காயப்போட்ட வேட்டிபோலத் தட்டையாகத் தொங்கியது. பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும் என்ற சாதாரண நடைமுறையையும் விட்டுவிட்டதால், முதல் சலவையிலேயே திரை நான்கு அங்குலம் மேலேறிவிட்டது. தலையணை உறையின் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். தூய பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையுடன் மென்மையான சாம்பலாகியிருக்கும், இதுவோ உருகிக் கறுப்புக் கட்டியாக உறைந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். சம்பந்தியம்மாவின் சந்தன நிறப் புடவையில் மெத்தை விரிப்பின் சிவப்பு இறங்கியதையும், அவர் அதை எங்களிடம் சொல்லாமல் குளியலறையில் தாமே கசக்கிக்கொண்டிருந்ததையும்தான் பொறுக்க முடியவில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாலே வெளிப்பட்டிருக்கக்கூடிய சாயம் அது.

கடைக்குச் சென்று கேட்டபோது, துணியில் இருந்த கைத்தறி முத்திரையைக் காட்டி, "அரசாங்க முத்திரை இருக்கே, அப்புறம் எப்படிப் போலியாகும்?" என்று வாதிட்டார்கள். 2006-இல் நடைமுறைக்கு வந்த அந்த முத்திரை துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம்; புள்ளி முடிச்சிட்டதா அச்சடித்ததா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ரசீது கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட ஒரு தாளைத் தந்தார்கள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த வரியைப் படித்துவிட்டுப் பலரும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகளாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் திருவிழாவுக்கு வந்து வாங்கிச் சென்ற வெளியூர்க்காரர்களும் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

1915-இல் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து பேசினார்கள்; பாதிப் பணத்துக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளும்படி கூறினார்கள். நாங்கள் மறுத்துவிட்டு, முன்பணச் சீட்டு, எஸ்டிமேட் தாள், துணியின் இரு பக்கப் படங்கள், கறை படிந்த புடவையின் படம் ஆகியவற்றுடன் ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அரக்குச் சிவப்புச் சுங்குடித் திரைக்கு இதே போன்ற எஸ்டிமேட் தாள் வாங்கியவர்கள் அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். துணியைத் துவைப்பதற்கு முன்பே இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.