மிதக்கும் கல்லின் முன் இருவகைப் பேச்சு

ராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கல்லின் முன்னே பேச்சு இரு வழிகளில் போகிறது. ஒன்று வாதம்: "சேதுவின் கல்" என்று ஒருவர் கைகூப்ப, "வெறும் பவளக்கல்" என்று மற்றவர் சிரிக்க, இருவரும் மனம் கசந்து பிரிகிறார்கள்.

மற்றது உரையாடல். "தொட்டுப் பாருங்கண்ணே, எத்தனை துளை!" என்று ஈரக் கல்லைக் கையில் தந்து, துளைகளில் அடைபட்ட காற்றால் கல்லின் சராசரி அடர்த்தி நீரினுடையதைவிடக் குறைந்துவிடுவதை விளக்குபவர், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளை ராமர் கட்டிய பாலம் என இந்துக்களும், ஆதம் நபி கடந்த வழி என இசுலாமிய மரபினர் பலரும் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கிறார். அடர்த்தியை அளக்கலாம், கைகூப்பியவரின் பக்தியை அந்த அளவுகோலால் அளக்க இயலாது.

நான் இரண்டாவதன் பக்கம். 1931இல் இத்தீவில் பிறந்த அப்துல் கலாமின் தந்தையும் ராமநாதசுவாமி கோயில் அர்ச்சகரும் ஆன்மிகம் பேசியே நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள்.