எளிய சிந்த் ப்ளகின் எழுத எது தோது: ஜூஸ், டி.பி.எஃப், நேரடி எல்வி2, கிளாப்

லினக்ஸில் இசை அமைப்பவர்களுக்காக ஒரு சின்ன சப்ட்ராக்டிவ் சிந்த் (செறிவான அலையை வடிகட்டி ஒலி உண்டாக்கும் மென்பொருள் இசைக்கருவி) ப்ளகினாக, அதாவது இசை மென்பொருளுக்குள் செருகி ஓடும் நிரலாக எழுதி, திறமூலமாக வெளியிட்டு, இன்றுவரை பராமரித்து வருகிறேன். அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் இரண்டு, அதை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வரையும் என்வலப் இரண்டு, ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள் எட்டு. இவ்வளவு சின்னதற்கே முதலில் எதன்மேல் கட்டுவது என்று முடிவு செய்தாக வேண்டும். ப்ளகினும் அதை ஏற்றும் இசை மென்பொருளும் (ஹோஸ்ட்) பேசிக்கொள்ளும் முறையை வரையறுக்கும் எல்வி2 அல்லது கிளாப் தரத்துக்கு நேரடியாக எழுதலாம், ஒரே நிரலிலிருந்து பல தரங்களுக்கு ப்ளகின் கட்டித் தரும் ஜூஸ் ஃப்ரேம்வொர்க்கை எடுக்கலாம், டி.பி.எஃப் எனப்படும் டிஸ்ட்ரோ ப்ளகின் ஃப்ரேம்வொர்க்கை எடுக்கலாம். நான் டி.பி.எஃப்பை எடுத்தேன். இன்று மறுபடி தொடங்கினாலும், இதே அளவு சிந்த் என்றால், அதையே எடுப்பேன்.

ஒலித் தரத்தை வைத்து இவற்றை ஒப்பிட வேண்டியதில்லை. பாலிபிளெப் (அலையின் கூர்முனைகளால் வரும் இரைச்சலைக் குறைக்கும் முறை) ஆசிலேட்டரும் ஃபில்டரும் நீங்கள் எழுதும் கணக்கு. அது எந்த உறைக்குள் (தரம் அல்லது ஃப்ரேம்வொர்க்) இருந்தாலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். விதிகளும் மாறாது. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒரு தடவையில் கணக்கிட வேண்டிய ஒலித் துண்டு) என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் ஒலியைக் கணக்கிடும் ஆடியோ திரெட்டுக்குள் நினைவகம் ஒதுக்கக் கூடாது, பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, கோப்பைத் தொடக் கூடாது. எந்த ஃப்ரேம்வொர்க்கும் உங்களை இதிலிருந்து காப்பாற்றாது.

நேரடி எல்வி2 கற்றுக்கொள்ள நல்ல வழி. சி மொழியில் சில ஃபங்ஷன்கள், கூடவே ப்ளகினை விவரிக்கும், டர்டில் என்ற வடிவிலான உரைக் கோப்பு. எல்வி2-வோடு வரும் எடுத்துக்காட்டு ப்ளகின்களைப் படித்தாலே பாதி புரிந்துவிடும். தொல்லை அந்த டர்டில் கோப்பில்தான். போர்ட்டுகளின் (ஒலியும் பாராமீட்டர்களும் உள்ளே, வெளியே போகும் வழிகள்) எண் வரிசையை அங்கே ஒருமுறையும் சி நிரலில் ஒருமுறையும் எழுத வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது. ஹோஸ்ட் மௌனமாக இருக்கும் அல்லது விழுந்துவிடும். ஆர்டோர், கியூட்ராக்டர், ரீப்பர் ஆகிய ஹோஸ்ட்கள் எல்லாம் எல்வி2-வை ஏற்கும். இன்னொரு ஹோஸ்டான பிட்விக் ஏற்காது. எல்வி2 மட்டும் தந்தால் பிட்விக் பயனர்களை வாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

ஜூஸ் பெரிய உலகம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற சிந்த்கள் அதில்தான் எழுதப்பட்டவை. குரல்களை நிர்வகிக்கும் சிந்தசைசர் கிளாஸ், ஃபில்டர்கள், ஸ்லைடர்கள், பாராமீட்டர் நிலையைச் சேமிக்கும் வசதி எல்லாம் தயாராக இருக்கின்றன. நான் அதில் எழுதியது ஒரு முன்மாதிரி மட்டுமே. அந்த அனுபவத்தை வைத்துச் சொன்னால், முதல் ஒலியைக் கேட்பதற்கு ஜூஸைவிட வேகமான வழி கிடையாது. திரையில் அலைவடிவம் அசைய வேண்டும், இழுத்து வைக்கும் மாடுலேஷன் (ஒரு பாராமீட்டரை இன்னொன்று தானாக அசைப்பது) வேண்டும், விண்டோஸிலும் மேக்கிலும் அப்படியே ஓட வேண்டும் என்றால் தயங்காமல் ஜூஸுக்குப் போங்கள்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம்: பராமரிப்பு. திறமூல சிந்த் எழுதுகிறவருக்கு அது பெரும்பாலும் ஓய்வுநேர வேலை. மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருவோம். அப்போது அது கம்பைல் ஆகுமா? டெபியன், ஃபெடோரா போன்ற வினியோகங்கள் புதிய கம்பைலர் வரும்போது தம்மிடமுள்ளவற்றை அதனால் மறுபடி கட்டிப் பார்க்கின்றன. 2023-இல் ஜிசிசி கம்பைலரின் 13-ஆம் பதிப்பு வந்தபோது, அதுவரை வேறு ஹெட்டர்கள் வழியாகத் தானாக உள்ளே வந்துகொண்டிருந்த சிஎஸ்டிடிஇன்ட் (cstdint, முழு எண் வகைகளைத் தரும்) ஹெட்டர் பல இடங்களில் வராமல் போனது. எத்தனையோ நிரல்கள் அந்த ஒரு வரி இல்லாததால் உடைந்தன. தீர்வு ஒரு வரிதான். ஆனால் அந்த வரி எங்கே வேண்டும் என்று தேடும் பரப்பு, நாம் சேர்த்துச் சுமக்கும் ஃப்ரேம்வொர்க்கின் அளவைப் பொறுத்தது. அது சிறிதாக இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

டி.பி.எஃப் சிறியது. கிட் சப்மாட்யூலாக நம் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட கமிட்டில் (பதிவான ஒரு நிலையில்) நிறுத்தி வைக்கலாம். முகப்பு (திரையில் தெரியும் குமிழ், பொத்தான்கள்) இல்லாத ப்ளகினுக்கு சி++ கம்பைலரும் மேக் (make) என்ற கட்டுமானக் கருவியும் இருந்தால் போதும், முகப்பு வேண்டுமென்றால் எக்ஸ்11, ஓப்பன்ஜிஎல் ஹெட்டர்கள். ஜூஸை லினக்ஸில் கட்ட ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், அல்சா, எக்ஸ்11-இன் பல துணை லைப்ரரிகள் வேண்டும். வெப்கிட், கர்ல் இரண்டையும் வேண்டாமென்று நாமே அணைக்க வேண்டும்.

உரிமமும் பராமரிப்பில் சேர்த்திதான். ஜூஸ் 7 வரை ஜிபிஎல்3 அல்லது வணிக உரிமம். 2024-இல் வந்த ஜூஸ் 8 ஏஜிபிஎல்3-க்கு மாறியது. ஜிபிஎல்3-இல் வெளியிடுபவருக்கு இது பெரிய தடையில்லை. ஆனால் ஜிபிஎல்2 மட்டும் என்று எழுதப்பட்ட பழைய நிரலைச் சேர்க்க நினைப்பவருக்கு இரண்டுமே ஒத்துவராது. டி.பி.எஃப் ஐஎஸ்சி உரிமம், எதனோடும் சேரும். இன்னொரு ப்ளகின் தரமான வி.எஸ்.டி.2-க்கான எஸ்டிகே (ப்ளகின் எழுதத் தேவையான கோப்புத் தொகுப்பு) வினியோகத்தை, அதை உருவாக்கிய ஸ்டைன்பர்க் நிறுவனம் 2018-இல் நிறுத்திவிட்டது. டி.பி.எஃப் வி.எஸ்.டி.2, வி.எஸ்.டி.3 இரண்டுக்கும் தன்னிடமுள்ள ஹெட்டர்களையே பயன்படுத்துவதால் அந்த எஸ்டிகேயைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம் புதிய தரங்கள். 2022-இல் பிட்விக்கும் சிந்த் நிறுவனமான யூ-ஹீயும் சேர்ந்து எம்.ஐ.டி உரிமத்தில் கிளாப்பை வெளியிட்டார்கள். டி.பி.எஃப்பில் மேக்ஃபைலின் (கட்டும் வழிமுறைக் கோப்பு) இலக்குப் பட்டியலில் கிளாப் என்று ஒரு சொல் சேர்த்தேன், ப்ளகின் வந்தது. எல்வி2-வுக்கான டர்டில் கோப்பையும் அதுவே உருவாக்கிக் கொடுக்கிறது. ஜூஸ் 8 வெளிவந்தபோது கிளாப் அதில் இல்லை, சமூகத்தார் எழுதிய நீட்டிப்பைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. எல்வி2 ஆதரவே ஜூஸ் 7-இல்தான், 2022-இல், வந்தது. லினக்ஸ் இசையாளர் முதலில் கேட்கும் தரம் எல்வி2 என்பதை நினைத்தால் இது எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் நாளிலிருந்தே கவனம் வேண்டும். டி.பி.எஃப்பில் வி.எஸ்.டி, கிளாப் வடிவங்களில் பாராமீட்டரின் அடையாளம் அதன் வரிசை எண்ணை ஒட்டியது. எல்வி2-வில் அதன் குறியீட்டுப் பெயரும் சேர்த்து. புதிய பாராமீட்டரை நடுவில் நுழைத்தால், யாரோ சேமித்து வைத்த பாட்டில் ஃபில்டரின் கட்ஆஃப் (வெட்டும் இடம்) இருக்க வேண்டிய இடத்தில் ரெசனன்ஸ் (அங்கே வரும் அழுத்தம்) அசையும். எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், ஒருமுறை வைத்த குறியீட்டைத் தொடவே கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். டி.பி.எஃப்பின் ஆவணங்கள் போதாது. எடுத்துக்காட்டு ப்ளகின்களையும் டி.பி.எஃப்பில் எழுதப்பட்ட கார்டினல், டிராகன்ஃபிளை ரிவர்ப் போன்றவற்றின் மூலநிரலையும் படித்துத்தான் பலவற்றைத் தெரிந்துகொண்டேன். முகப்புக்கு நானோவிஜி, கெய்ரோ என்று வரையும் கருவிகள் உண்டு. பொத்தானும் குமிழும் பெரும்பாலும் நாமே வரைய வேண்டும். எளிய சிந்த் என்றால் முகப்பே இல்லாமல் வெளியிடலாம், ஹோஸ்ட்டே ஸ்லைடர்களைக் காட்டிவிடும். இன்னொன்று, வளர்ச்சியின் பெரும்பகுதி ஒரே ஒருவரின் உழைப்பு. அவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. இதற்காகவே ஒலிக் கணக்கு முழுவதையும் எந்த ஃப்ரேம்வொர்க் ஹெட்டரும் இல்லாத தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறேன். நோட் ஆன், நோட் ஆஃப், பாராமீட்டர் மாற்றம், இத்தனை சாம்பிள் கொடு: இந்த நான்கு ஃபங்ஷன்தான் வெளியே தெரியும். உறையை மாற்ற நேர்ந்தால் மாற்ற வேண்டிய கோப்பு ஒன்றே ஒன்று.

கிளாப்பை நேரடியாக நான் சிறு சோதனைகளுக்கு மட்டுமே எழுதியிருக்கிறேன். சி ஹெட்டர்கள் சுத்தமானவை, டர்டில் தொல்லை இல்லை, சோதிக்க கிளாப்-வாலிடேட்டர் என்ற கருவி இருக்கிறது. அதன் உண்மையான பலம் ஒவ்வொரு நோட்டையும் தனியே மாடுலேட் செய்ய முடிவது. டி.பி.எஃப் நோட்டுகளை மிடி (இசைக்கருவிகளின் பழைய செய்தி முறை) நிகழ்வுகளாகவே கையில் தருவதால் அந்த வசதி அங்கே கிடைக்காது. ஒவ்வொரு விரலுக்கும் தனி ஃபில்டர் அசைவு என்பதுதான் உங்கள் சிந்த்தின் உயிர் என்றால் கிளாப்பிலேயே எழுதி, கிளாப்-ராப்பர் என்ற மாற்றுக் கருவி மூலம் வி.எஸ்.டி.3 ஆக்கிக்கொள்ளலாம். எல்வி2 வடிவத்தை மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கும்.